முப்பது பவுண்ட் சம்பளமும் ஒரு மக்காச்சோளக் கொல்லையும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இளம்பெண் ஒருத்தி தன்னைத் தேடிக் கண்டடையும் நாவல்களைப் பேச எடுத்தால், அவள் மனத்தில் நிகழும் விழிப்பைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அந்த விழிப்பு நிலைக்க அவள் கையில் காசு இருந்ததா, தனக்கென்று ஓர் இடம் இருந்ததா என்பதை அந்த நாவலாசிரியைகள் எத்தனை கவனமாக எழுதிவைத்தார்கள் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1847ஆம் ஆண்டில், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில் சார்லட் பிராண்ட்டி வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலில், அநாதையான ஜேன் தான் படித்து ஆசிரியையாகவும் இருந்த பள்ளியின் சன்னலருகே நின்று விடுதலை வேண்டும் என்று ஏங்குகிறாள். அது எட்டாது என்று பட்டதும், புதியதோர் ஊழியமாவது வாய்க்கட்டும் என்று தன் வேண்டுதலைத் தானே சுருக்கிக்கொள்கிறாள். பிறகு அவளே செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, ஆண்டுக்கு 30 பவுண்ட் சம்பளத்தில் வேலை தேடிக்கொள்கிறாள். பள்ளியில் அவள் பெற்றது 15 பவுண்ட். பின்னாளில் வந்துசேரும் 20,000 பவுண்ட் சொத்தைக் கதையை முடிக்க வந்த வசதி என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை நான்காகப் பங்கிட்டு 5,000 பவுண்டை மட்டும் வைத்துக்கொண்டு காதலனிடம் திரும்புகிறவள், அவனை அண்டிப் பிழைக்க வந்தவளாக அவன் முன் நிற்க வேண்டியதில்லை.

வங்கத்தில் ஆஷாபூர்ணா தேவி படைத்த சுவர்ணலதா, சிறுமியாகவே மணம் முடிக்கப்பட்டவள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் வெளியுலகைப் பார்க்க ஒரு வராந்தா. வீடு எழும்புகிறது, வராந்தா மட்டும் எழும்பவில்லை.

இந்தக் கணக்கை மிகக் கூர்மையாகப் போட்டவர் ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா என்பேன். 1988இல் வந்த அவருடைய 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவல், அண்ணன் இறந்தபோது தான் வருந்தவில்லை என்று கதைசொல்லியான தம்பு என்ற பெண் சொல்வதோடு தொடங்குகிறது. கேட்பவர் திடுக்கிடுவார்; காரணம் மெல்லத்தான் விளங்குகிறது. வீட்டில் இருந்த பணம் அண்ணன் படிப்புக்கே போதாதபோது, தம்பு தன் பள்ளிக் கட்டணத்துக்காகத் தானே மக்காச்சோளம் பயிரிடுகிறாள். கதிர் முற்றும் வேளையில் அண்ணன் அதைத் திருடி நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். அவன் மறைந்த பிறகே மிஷன் பள்ளியில் அவனுக்கிருந்த இடம் அவளுக்குக் கிடைக்கிறது.

ஆனால் அங்கே, பெரியப்பாவின் வீட்டில், அவர் மகள் நியாஷா இருக்கிறாள். இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வளர்ந்த அவளுக்கு, தம்பு ஏங்கிய புத்தகங்களும் படிப்பும் வசதியும் முன்பே வாய்த்திருக்கின்றன. இருந்தும் தந்தையின் அதிகாரத்துக்கும், காலனிய ஆட்சி புகட்டிய கல்விக்கும் நடுவே மூச்சுத் திணறி, உணவை மறுத்து, உடல் மெலிந்து, ஒரு நாள் தன் வரலாற்றுப் புத்தகத்தையே பல்லால் கிழித்தெறிகிறாள். காசும் இடமும் கிடைத்த பிறகும், அவற்றைத் தருகிற கை எதைத் திருப்பிக் கேட்கிறது என்ற கேள்வி மிச்சமிருப்பதை ஆசிரியர் நியாஷாவின் உடலைக்கொண்டே எழுதிவிட்டார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கு ஆவலோடு போய்ச் சேர்ந்த தம்புவும், தான் இத்தனை பாடுபட்டு அடைந்த அந்த இடத்தையே மெல்லச் சந்தேகிக்கத் தொடங்குகிறாள்.