ஹெவி மெட்டலைக் கேட்போம், நம் மேளத்தைப் பதிவு செய்வோம்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதி நூலகம் ஒன்றின் வாசிப்பு நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலை நாளாக இருந்தும் சித்தூரிலிருந்து வந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் நூலகச் சங்கப் பொறுப்பாளர் அவர்களே, எனக்கு முன்பு மலையாளத்தில் அத்தனை தெளிவாகப் பேசி அமர்ந்த பாலக்காட்டுக் கல்லூரி ஆசிரியை அவர்களே, வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் வடகரப்பதியிலிருந்தும் வந்திருக்கும் நாதஸ்வர, தவில், உறுமிக் கலைஞர் பெருமக்களே, நூலகச் செயலாளர் அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே! பந்தல் போட்டவர்களையும், காலையிலிருந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளையும் இந்த வரிசையில் சேர்க்காவிட்டால் என் மனம் ஆறாது. தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவன் நான். அவர் முன்னால் பேசுவதற்குக் கிடைத்த இந்த வாய்ப்பு என் வாழ்நாள் பேறு.

நாம் வாசிப்பு நாளாகக் கொண்டாடும் ஜூன் 19 பி. என். பணிக்கர் அவர்களின் நினைவு நாள். 1945இல் திருவிதாங்கூரில் நூலகங்களை ஒரு சங்கமாக இணைத்த மனிதர். படிப்பறிவு ஊரின் கடைசி வீடு வரை போக வேண்டும் என்று நடையாய் நடந்தவர். அவர் வழியில் வந்த நூலகம் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்தால் போதாது, காதுக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வாதம். இந்தப் பகுதியில் மைக் செட் தொழில் செய்து வளர்ந்தவன் நான். கூம்பு ஒலிபெருக்கி காலத்திலிருந்து இன்றுவரை எனக்குச் சோறு போடுவது ஒலிதான். ஆகவே எனக்குத் தெரிந்ததைத்தான் பேசப் போகிறேன்.

ஹெவி மெட்டல் என்ற மேற்கத்திய இசை பற்றி மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அதை வாசிப்பவர்களின் திறமை. இரண்டு, அதன் ஒலிப்பதிவின் தரம். மூன்று, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிப்பதிவுப் பொறியாளர்களின் கலை.

ஹெவி மெட்டல் என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அது வெறும் கூச்சல் என்று நினைக்கிறீர்கள். 'நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். கூத்தாடுவதை மட்டும் பார்த்துவிட்டுக் குடம் குறை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம். ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர். இங்கிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துக் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே தகட்டு ஆலை ஒன்றில் டோனி அயோமி என்ற பையன் வேலை பார்த்தான். வயது 17. கிட்டார் வாசிப்பான். வெளிநாட்டில் வாசிக்க ஒரு குழுவோடு வாய்ப்புக் கிடைத்து, ஆலை வேலையை விட்டுவிட்டான். அன்று கடைசி நாள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனி எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா விடவில்லை. ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தார். இங்கே இருக்கும் எந்தத் தாயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். போனான். தகடு வெட்டும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. இவனை நிறுத்தினார்கள். பழக்கமில்லாத இயந்திரம். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

அவன் இடது கைப் பழக்கக்காரன். கிட்டாரில் தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் கை அவனுக்கு வலது கை. போனது அந்தக் கையின் விரல். இனிமேல் கிட்டாரை மறந்துவிடு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பதினேழு வயதுப் பிள்ளை, நினைத்துப் பாருங்கள்! வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தான். அப்போது அந்த ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். கேள் என்றார். கேட்கும் மனநிலையில் நான் இல்லை என்றான். அவர் விடவில்லை, போட்டுக் காட்டினார். நன்றாக வாசிக்கிறாரே என்று இவன் சொன்னதும்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த இசைத்தட்டில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்துபோனவர். மீதி இரண்டு விரல்களால் அத்தனை வேகமாகச் சுரம் பிடித்தவர்.

பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தகுந்தாற்போல் சிறு உறைகள் செய்தான். தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தான். தந்தி வழுக்காமல் இருக்க மேலே தோலை ஒட்டினான். கனத்த தந்தியை அழுத்தினால் வலிக்கும் என்பதால் மெல்லிய தந்திகளைத் தேடி, பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் தந்தியை எடுத்துக் கட்டினான். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினான். அவன் பின்னால் தொடங்கிய குழுவின் மூன்றாவது இசைத்தட்டு 1971இல் வந்தது, அதில் அதை நன்றாகக் கேட்கலாம். இன்று உலகம் முழுவதும் ஹெவி மெட்டல் என்று நாம் அறியும் அந்தக் கனத்த, ஆழமான ஒலியில் பெரும்பங்கு அந்தக் காயம்பட்ட விரல்களிலிருந்து வந்தது. அந்தக் குழுவின் பெயர் பிளாக் சபாத். அவர்கள் முதல் இசைத்தட்டை 1969இல் லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளில் வாசித்து முடித்துவிட்டார்கள். மேடையில் வாசிப்பதைப் போலவே எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள். 1970 பிப்ரவரி 13இல் அது வெளிவந்தது. 2025 ஜூலையில் அதே பர்மிங்காமில் அவர்கள் கடைசியாக மேடையேறியபோதும் அயோமிதான் கிட்டார் வாசித்தார்.

கைதட்டுங்கள், தட்ட வேண்டிய விஷயம்தான். நிறைகுடம் என்றால் அதுதான்!

அந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டைக் கலைஞர்கள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் மழைச் சத்தம், எங்கோ ஒரு தேவாலய மணி. பிறகு கிட்டாரில் மூன்றே சுரம். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அவ்வளவுதான். ஐரோப்பிய இசையில் அந்தப் பிரதி மத்திமத்தை அச்சமூட்டும் சுரமாகக் கருதுவார்கள். நமக்குக் கல்யாணியில் அது அன்றாடச் சுரம். ஆனால் அந்தப் பாட்டு நம்மை நடுங்க வைப்பதற்குச் சுரம் மட்டும் காரணமில்லை. கிட்டார் முழக்கம் அடங்கியதும் பாடகர் மிகத் தணிந்த குரலில் பாடுகிறார். பின்னால் டிரம்ஸ் மெல்ல நடக்கிறது. மறுபடி முழக்கம் வரும்போது நெஞ்சு அதிர்கிறது. தணிவு அங்கே இருந்ததால்தான் முழக்கத்துக்கு அந்த வலிமை.

திறமைக்கு இன்னொரு கணக்கும் சொல்கிறேன், தவில்காரர்கள் விரலை எண்ணத் தயாராகுங்கள். சுவீடன் நாட்டில் மெஷுகா என்று ஒரு குழு. 1998இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பில் ஒரு பாட்டு. ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரச் சுற்று நான்கு, ஒவ்வோர் அட்சரத்துக்கும் நான்கு மாத்திரை, மொத்தம் 128 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ்காரரின் கைகள் அந்தத் தாளத்தை நேராகப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அவருடைய கால்களும் கிட்டார்களும் 23 மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை ஐந்து முறை வாசிக்கின்றன. 115 ஆயிற்று. ஆறாவது முறை 13 மாத்திரையில் நிறுத்தி, சரியாகத் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுகிறார்கள். நம் ஊரில் இதைக் கோர்வை என்போம். பூரத் திருவிழாக்களில் செண்டைகள் முழங்கும் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று குறைந்துகொண்டே போய் உச்சத்தைத் தொடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் புரியாதா?

இனி ஒலிப்பதிவுக்கு வருகிறேன். என் மனத்தை வருத்துகிற இடம் இது.

குறுந்தகட்டில் ஓர் ஒலி எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் ஒரு துளி கூடப் போக முடியாது. கூரை தாழ்ந்த வீட்டில் எல்லோரும் ஒரே உயரமாகத் தெரிவதற்குக் குள்ளமானவர்களை முக்காலியில் ஏற்றி, நெட்டையானவர்களின் கழுத்தை வளைத்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஒலிப்பதிவில் அதைச் செய்யும் கருவிக்கு லிமிட்டர் என்று பெயர். உச்சங்களைத் தட்டி, மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால் சத்தம் கூடியது நன்றாக இருப்பதுபோல் காதுக்கு ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தை நம்பி 1990களிலிருந்து ஒருவருக்கொருவர் போட்டி போட்டுச் சத்தத்தை ஏற்றினார்கள்.

2008இல் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவின் டெத் மேக்னெட்டிக் என்ற இசைத்தட்டு வந்தது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் நசுங்கி, கரகரத்துக் கேட்டது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற கணினி விளையாட்டிலும் வந்திருந்தன. அதில் உள்ள பதிவு இந்த அளவுக்கு நசுக்கப்படாதது. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். தனித்தனி வாத்தியப் பதிவுகளை மறுபடி கலவை செய்து தாருங்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையைச் செய்த பொறியாளரே, தம் கைக்கு வரும்போதே அது நசுக்கப்பட்டுத்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதினார். நிறைகுடத்தைக் கொண்டுவந்து குறைகுடம்போல் ஆட வைத்த கொடுமை இது. அதே குழுவின் 1988ஆம் ஆண்டு இசைத்தட்டில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைத் தேடினாலும் கிடைக்காது. அதை வாசித்த இளைஞன் எவ்வளவு உழைத்து வாசித்தானோ! இன்றோ ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை சத்தம் கூடிய பாட்டைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. நசுக்கியதால் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. பாட்டு நசுங்கியதுதான் மிச்சம்.

பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள் என்றேன். அதைக் கேட்டு ஏன் என் ரத்தம் சூடாகிறது என்று சொல்கிறேன். நம் பகுதியில் பெரிய நாதஸ்வர வித்வான் ஒருவர் இருந்தார். அவர் காற்றை அடக்கித் தோடியைத் தொடங்கினால் கோயில் பிராகாரத்தில் இருந்தவர்கள் நடையை நிறுத்துவார்கள். அவர் வாசித்த ஒரு கல்யாணக் கச்சேரி மட்டும்தான் இன்று பதிவாக நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. அதைப் பதிவு செய்த நகரத்து ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கி, எதிரொலி சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தவிலும் நாயனமும் ஒத்தும் ஒரே சத்தம். அவர் மூச்சை இழைய விட்ட இடம் எதுவும் அதில் இல்லை. அவரும் இப்போது இல்லை. மறுபடி கலவை செய்து தாருங்கள் என்று நான் யாரிடம் மனு கொடுப்பேன்?

மைக்கே வேண்டாம் என்று உறுதியாக நின்று மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயரின் மாவட்டம் இது. கோட்டாயியில் வளர்ந்து, வெண்கலக் குரலால் அரங்கை நிறைத்த செம்பை வைத்தியநாத பாகவதரின் மாவட்டம் இது. அவர்களுக்கு இசைத்தட்டும் வானொலியும் இருந்தன. எருத்தேம்பதி உறுமிக்காரருக்கு என்ன இருக்கிறது? வேலந்தாவளத்துத் தவில்காரருக்கு என்ன இருக்கிறது? தமிழ்நாட்டு நிறுவனங்களின் கணக்கில் நாம் கேரளம். கேரளத்தின் கணக்கில் நாம் தமிழர். எல்லைக் கோட்டில் வாழ்பவர்களின் கலையை நாமே பதிவு செய்யாவிட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே ஊராட்சித் தலைவர் அம்மா முன்னிலையில் கேட்கிறேன். இந்த நூலகத்தின் பின்னறையைக் கேட்பறையாக மாற்ற வேண்டும். நல்ல ஒலிபெருக்கி ஒரு ஜோடி, ஹெட்ஃபோன்கள், எடுத்துச் செல்லக்கூடிய பதிவுக் கருவி ஒன்று, அதற்கு இரண்டு மைக். இவ்வளவு போதும். திருவிழாவில் ஒரு நாள் வாடகைக்கு அடுக்கும் பாக்ஸ் செட்டுகளுக்குச் செலவாகும் பணத்தை நினைத்தால் இது பெரிய தொகையே அல்ல. பிள்ளைகள் அங்கே பிளாக் சபாத்தும் கேட்கட்டும், மணி ஐயரும் கேட்கட்டும். கேட்டுப் பழகிய காதோடு அவர்களே போய் நம் கலைஞர்களைக் கோயில் முற்றத்திலேயே பதிவு செய்யட்டும். உச்சத்துக்கு இடம் விட்டு, அளவைக் குறைத்து வைத்து, லிமிட்டரைத் தொடாமல் பதிவு செய்ய நான் சொல்லித் தருகிறேன். கூலி வேண்டாம்.

பொறியாளர்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். நாதஸ்வரக் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார், கலைஞர்களைக் காக்க வைப்பது முறையல்ல.

தேநீர் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கேட்பறை வேண்டும் என்று நினைப்பவர்கள் பெயரும் வார்டு எண்ணும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைக் கொடுக்கப் போகிறேன். நீங்களும் நேரில் வர வேண்டும், கையெழுத்து மட்டும் போதாது. வீட்டில் பழைய கேசட்டுகள், கல்யாணக் கச்சேரி, கோயில் மேளம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை, கடைக்குக் கொண்டுவாருங்கள், ஒட்டிச் சரிசெய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். நன்றி, வணக்கம்.