மூடுபனியில காதுக்கு வேலை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். இப்ப விடிய அஞ்சரை. இலங்கை மலைநாட்டுல, அப்புத்தளைக்குப் பக்கத்துல தேயிலை மலைக்கு மேல நிக்கிறேன், சரியான குளிர். கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. ஹெட்போன் இருந்தா போட்டுக்குங்க.

கேட்டுச்சா? அந்தத் தண்ணிச் சத்தம் இங்க கிட்ட இல்ல, பள்ளத்துக்கு அந்தப் பக்கம். பகல் பன்னிரண்டு மணிக்கு இதே இடத்துல நின்னா கேக்காது. ராத்திரி முழுக்க தரை குளிர்ந்து, தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்து போயிருது. அதுக்கு மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடு. அப்ப மேல போற சத்தம் வளைஞ்சு திரும்பக் கீழ வந்திரும். வெயில் ஏறினா இது மாறிரும். அடுத்த தோட்டத்துக் கோயில் மணி விடியலுக்கு மட்டும் நம்ம வாசல்ல அடிக்கிற மாதிரி கேக்குதே, அதுக்கும் இதுதான் காரணம்.

நம்மள்ல நிறையப் பேருக்கு எழும்பின உடனேயே மனசு ஓட ஆரம்பிச்சிரும். கடன், பிள்ளைங்க படிப்பு, வெளிநாட்டுல இருக்கிறவங்க நினைப்பு. "ஒண்ணும் யோசிக்காதீங்க"ன்னு சொன்னா யாராலயும் முடியாது. அதை நான் சொல்லவும் மாட்டேன். நான் சொல்றது, மனசுக்குப் பிடிச்சுக்க ஒரு சத்தத்தைக் குடுங்கன்னுதான். ஒண்ணே ஒண்ணு போதும். அது எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு பின்னாலேயே போங்க.

2017ல இங்கிலாந்து பிரைட்டன்ல ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஆட்களை ஸ்கேனர்ல படுக்க வச்சு, இயற்கைச் சத்தமும் செயற்கைச் சத்தமும் மாத்தி மாத்திப் போட்டாங்க. செயற்கைச் சத்தத்துக்குக் கவனம் உள்ளுக்குள்ள சுருங்கிச்சு, கவலையில கிடக்கிறவங்களுக்கு நடக்கிற மாதிரி. இயற்கைச் சத்தத்துக்கு வெளிய திரும்பிச்சு. ஆரம்பத்துல ரொம்ப இறுக்கமா இருந்தவங்களுக்குத்தான் உடம்பு கூடுதலாத் தளர்ந்துச்சு. 2021ல வந்த இன்னொரு ஆய்வு, மனசு தெளியத் தண்ணிச் சத்தமும் பதற்றம் குறையப் பறவைச் சத்தமும் கூடுதலா உதவுதுன்னு சொல்லுது. நமக்கு ரெண்டுமே தோட்டத்து லயன் வீட்டு வாசல்ல கிடைக்குது!

தகரக் கூரையில மழை கொட்டும்போது செஞ்சு பாருங்க. முதல்ல ஒரே இரைச்சலாத்தான் இருக்கும். அவசரப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல தகரத்துல விழுறது வேற, வாழை இலையில விழுறது வேறன்னு பிரியும். பீலித் தண்ணி நிரம்பி வழியிறது தனியாக் கேக்கும். மழை விட்ட பிறகு மரத்தவளைங்க ஆரம்பிக்கும், டிக் டிக்னு. நம்ம நாட்டு மரத்தவளைங்கள்ல பலதுக்கு வாலோட தண்ணியில நீந்துற பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரடியாக் குட்டித் தவளையா வெளிய வரும். குளம் குட்டையே இல்லாத தேயிலைச் சரிவுலயும் அதுங்க கத்துறது அதனாலதான்.

கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு இதெல்லாம் நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. குளவி கலைஞ்சா அந்த ரீங்காரத்தைக் காதுதான் முதல்ல பிடிக்கும். அவங்க காது நிம்மதிக்கு மட்டும் இல்ல, உயிருக்கும் காவல். அதை மறந்திட்டு மலையை அழகுன்னு மட்டும் பேச எனக்கு மனசு வராது.

ஹோட்டன் சமவெளிக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம். அங்க 'உலக முடிவு'ன்னு சொல்ற செங்குத்துப் பள்ளத்து விளிம்புல மூடுபனி ஏறிட்டா "ஒண்ணும் தெரியல"ன்னு உடனே திரும்பிடுறாங்க. திரும்பாதீங்க. முகில் காட்டுல இலையும் பாசியும் மூடுபனியைப் பிடிச்சு வச்சு, மழை இல்லாமலே சொட்டும். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் அந்த உயரத்துல இருந்துதான் ஊறி வருது. அந்தச் சொட்டைக் கேளுங்க, ஆத்தோட ஆரம்பத்தைக் கேக்குறீங்க. வாசல்ல பொலித்தீனை வாங்கி வச்சுக்கிறாங்க, நல்ல விஷயம். புளூடூத் ஸ்பீக்கரையும் வாங்கி வச்சா எவ்வளவு நல்லா இருக்கும்! தயவு செஞ்சு, பாட்டை வேன்லயே விட்டுட்டு இறங்குங்க.

தூரம் போக முடியாதவங்க நுவரெலியா விக்டோரியா பார்க் போகலாம், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தான். ஒக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தியாவுல இருந்து வர்ற ஆறுமணிக்குருவி அங்க இருக்கும். விடியவும் பொழுது சாயவும் விசிலடிக்கும். ஆள் நடமாட்டம் குறைஞ்ச ஓடைப் பக்கமா நில்லுங்க. சருகைப் புரட்டுற சத்தம் முதல்ல வரும், தரையிலதான் இரை தேடும். பூட்டுற நேரத்தை வாசல்லயே கேட்டுக்குங்க, பொழுது சாயிற கடைசி அரை மணி நேரத்தைத் தவற விட்டுராதீங்க. சீசன் தொடங்கினதும் நானும் மைக்கோட அங்கதான் இருப்பேன், பதிவு பண்ணிப் போடுறேன்.