கல்லில் ஒரு புறா

அன்பர்களே, திரையில் இருக்கும் இந்தச் சிறுமியைப் பாருங்கள். ஈஜியன் கடலில் உள்ள பாரோஸ் தீவில் 18-ஆம் நூற்றாண்டில் கிடைத்த கிரேக்கக் கல்லறை நினைவுக்கல் இது. செதுக்கிய காலம் ஏறத்தாழ கி.மு. 450–440. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய கல் இல்லை, உயரம் 80 சென்டிமீட்டர்தான். தலையைக் குனிந்து நிற்கிறாள். கைகளில் இரண்டு புறாக்கள். ஒன்றின் அலகு அவள் உதட்டோடு உரசுகிறது.

புறாவைக் கண்டதும் பொருள் சொல்ல நமக்கு வாய் துடிக்கும். பறவை என்றால் உயிர், புறா என்றால் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் பிரிந்த உயிரைக் காட்ட நினைத்தபோது ஏதென்ஸ் ஓவியர்கள் புறாவை வரையவில்லை. கல்லறைக்கென்றே செய்த வெள்ளைப் பூச்சு எண்ணெய்க் குடுவைகளில், சிறகு முளைத்த குட்டி மனித உருவங்களை வரைந்தார்கள். அப்படியென்றால் இந்தப் புறா? அவள் வளர்த்த புறா என்று முதலில் ஒத்துக்கொள்வோமே!

புறாவையே பார்த்துக்கொண்டிருந்தால் உடையைக் கவனிக்க மாட்டோம். இடைக்கச்சை இல்லை. பக்கவாட்டில் துணி விலகித் திறந்து கிடக்கிறது. பெரியவர்கள் அணியும் அதே உடைதான். ஆனால் பெரிய பெண்ணாக இருந்தால் இழுத்துக் கட்டியிருப்பாள். குழந்தைக்கு அந்தக் கவலை ஏது?

இந்தச் சிறுமியின் கல்லுக்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கதை வேறு. அதே அருங்காட்சியகத்தில் 4 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு கல் இருக்கிறது, கி.மு. 530 அளவில் செய்தது. ஓர் இளைஞன், பக்கத்தில் அவன் தங்கை என்று கருதப்படும் சிறுமி. அவள் உருவில் குழந்தைத்தனம் இல்லை. அளவில் சுருக்கிய பெரியவள்.

ஏதென்ஸில் பல பத்தாண்டுகள் நின்றுபோயிருந்த சிற்பக் கல்லறைகள், கி.மு. 430-ஐ ஒட்டி மீண்டும் எழுகின்றன. பார்த்தெனான் கோயில் வேலை முடிந்து கைதேர்ந்த சிற்பிகள் ஊரில் இருந்தார்கள். பெற்றோர் இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்று ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கி.மு. 451-இல் சட்டம் கொண்டுவந்திருந்தார். அதனால் குடும்பமும் பிள்ளையும் கல்லில் இடம்பெறத் தொடங்கின என்பாரும் உண்டு. எனக்கு அந்த விளக்கம் மட்டும் போதவில்லை. சிசு மரணங்களில் பெரும்பாலானவை ஏழாம் நாளுக்குள் நிகழ்வதால் அன்றுதான் பெயர் வைக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதிய ஊர் அது. பிழைத்துப் பெயர் பெற்று, ஓடியாடி விளையாடிய பிறகு போன பிள்ளையை எப்படி மறப்பது?

அடுத்த நூற்றாண்டுக் கற்களில் சிறுமிகள் கையில் பொம்மை வருகிறது. கிரேக்கப் பெண்கள் திருமணத்துக்கு முன் தம் பொம்மைகளை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். கல்லில் இருக்கும் பொம்மையோ கொடுக்கப்படாமலே நின்றுவிட்டது. வீட்டில் கிடந்த விளையாட்டுப் பொருள்தான். நடக்காமல் போன கல்யாணமும் அதுதான்.

ஏதென்ஸ் கெராமெய்க்கோஸ் இடுகாட்டில் கிடைத்த ஆம்ஃபரேட்டே என்ற பெண்ணின் கல்லுக்கு வருவோம். ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை, கையில் சிறு பறவை. தாயும் சேயும் என்றுதானே நினைப்போம்? மேலே பொறித்த பாட்டு நம்மைத் திருத்துகிறது. “என் மகளின் அன்புக் குழந்தையை ஏந்தியிருக்கிறேன், உயிரோடு இருவரும் கதிரொளி கண்ட நாளில் மடியில் வைத்திருந்தேன், இறந்துபோன நான் இப்போது இறந்த குழந்தையை ஏந்தியிருக்கிறேன்.” அவள் பாட்டி! முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. குழந்தையைக் குழந்தையாகச் செதுக்கிய காலத்துக்கு, கிழவியைக் கிழவியாகச் செதுக்க மனம் வரவில்லை. இயல்பை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதிலும் ஒரு குறியீடு இருக்கிறது பாருங்கள்.

கடைசியாக, ஏதென்ஸுக்குத் தெற்கே வாரியில் கிடைத்த கல். அக்காள் ம்னேசகோரா பறவையை நீட்டுகிறாள். தரையில் இருக்கும் தம்பி நிகோகாரெஸ் அதற்குக் கை நீட்டுகிறான். தினமும் நம் வீட்டில் பார்க்கிற காட்சி. இருவருமே இறந்தவர்கள். இவ்வளவு உயிரோட்டமாக இருவரையும் செதுக்கிய அதே கல்லில், அவர்கள் தலைக்கு மேல் எழுதியிருப்பது இது: “இது ம்னேசகோரா, நிகோகாரெஸ் இருவரின் நினைவுச்சின்னம். அவர்களைக் காட்ட இயலாது.”