வால் சுற்றுகிறது, உடம்பு நகரவில்லை! இரைப்பைக்குள் மாட்டிக்கொண்ட பாக்டீரியா

(திரையில்: கெட்டியான சளிக்குள் ஒரு பாக்டீரியா)

வணக்கம் நண்பர்களே! இந்த பாக்டீரியாவை நன்றாகப் பாருங்கள். வால் விடாமல் சுற்றுகிறது, ஆனால் உடம்பு இம்மியும் நகரவில்லை. வாலைச் சுற்றவைக்கும் மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு ஏன் இப்படி?

அந்த வாலுக்குக் கசையிழை என்று பெயர். சாட்டை போல வீசாமல் கப்பல் விசிறி போல முழுச் சுற்று சுற்றும் என்பது 1973, 74-இல் உறுதியானது. பின்னணிக்கு இது போதும், வாங்க.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் மோட்டாரை ஓட்டுவது, வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள், அதாவது நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் துகள்கள். அமிலம் என்றாலே புரோட்டான் மிகுதிதானே, அப்போது அமிலத்தில் போட்டால் பறக்குமா? பறக்காது. அசெட்டேட், பென்சோயேட் போன்ற மென் அமிலப் பொருள்கள் அமிலச் சூழலில் செல்லுக்குள் புகுந்து உள்ளேயும் அமிலத்தன்மையை ஏற்றிவிட்டால் மோட்டார் தளர்ந்துபோகும். உள்ளே ஏற்கெனவே நெரிசல் என்றால், வந்த புரோட்டான் எங்கே இறங்கும்? கடலில் வாழும் சில விப்ரியோ வகை பாக்டீரியாக்களுக்கு எரிபொருளே வேறு. சோடியம்! அவற்றில் ஒன்று நொடிக்கு 1,700 சுற்று வரை போவதை அளந்திருக்கிறார்கள். எனக்கு இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் புல்லரிக்கும். அப்புறம், பிஹெச்சும் (அமிலத்தன்மையின் அளவு) உப்பும் மாறினால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் கசையிழைச் சுருளின் வடிவமே மாறிவிடும்.

(திரையில்: மீண்டும் அதே பாக்டீரியா)

இப்போது நம் ஆளிடம் வருவோம். இவர் ஹெலிகோபாக்டர் பைலோரி, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமானவர். உடம்பே சுருளாக இருப்பதால், சளிப்படலத்தைத் திருகாணி போலத் துளைத்துப் போகிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2009-இல் வெளியான ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. இரைப்பைச் சளி, அமிலம் அதிகமானால் கூழ் போல இறுகிவிடும். அதில் மாட்டிய பாக்டீரியாவைத்தான் முதலில் பார்த்தீர்கள். எவ்வளவு சுற்றினாலும் துளைக்க முடியாது.

தப்பிக்க அது செய்கிற வேலையைப் பாருங்கள். அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சுற்றியிருக்கும் யூரியாவை உடைக்கிறது, அம்மோனியா வருகிறது, பக்கத்து அமிலம் தணிகிறது. உடனே அந்த இடத்தில் மட்டும் கூழ் இளகி நீர்த்துப்போகிறது. இத்தனை நேரம் வீணாகச் சுற்றிய அதே வால் இப்போது தள்ளுகிறது, பாக்டீரியா நீந்திப் போகிறது! பாதையைத் துளைக்கவில்லை நண்பர்களே, கரைத்துக்கொண்டு போகிறது. நுண்ணுயிர் உலகத்தில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான். உங்களுக்குப் பிடித்தது எது? கமெண்டில் சொல்லுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

இந்தத் தந்திரமே அதைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. மருத்துவர்கள் அடையாளமிட்ட (பிறகு தனியாக இனங்காணக்கூடிய) கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். பாக்டீரியா உள்ளே இருந்தால் யூரியேஸ் அதை உடைக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார்பன், கார்பன் டை ஆக்சைடாக நோயாளியின் மூச்சில் வந்துவிடும்.