உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிய பையன்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் இளையோர் நாவல்கள் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நேராக ஒரு காட்சிக்குள் போய்விடுகிறேன். ஒரு மளிகைக் கடை வாசல். 14 வயதுப் பையன் ஒருவன் பெப்சி குடித்துக்கொண்டிருக்கிறான். எதிர்க் கோஷ்டிப் பையன்கள் மூன்று பேர் வந்து அவனை நெருங்குகிறார்கள். அவன் பாட்டிலை அடித்து உடைத்து, கூர்முனையை நீட்டி, போய்விடுங்கள் என்கிறான். அவர்களும் போய்விடுகிறார்கள். கூட இருந்த நண்பனுக்கு இதில் சந்தோஷமே இல்லை. இவனும் முரடனாகிவிட்டானே என்று அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்போது பையன் குனிகிறான். தரையில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். என்ன செய்கிறாய் என்று கேட்டால், யாருடைய வண்டி டயராவது பஞ்சராகிவிடக் கூடாதே என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் நண்பனுக்கு உயிர் வருகிறது.

‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற நாவலில் வருகிறது இது. எழுதியவர் எஸ்.ஈ. ஹின்டன். அமெரிக்காவில் ஒக்லஹாமா மாநிலத்து டல்சா நகரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 15 வயதில் எழுத ஆரம்பித்தார். 1967இல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. சூசன் எலோயிஸ் என்ற முழுப்பெயரைப் போட்டால், ஒரு பெண்ணுக்குப் பையன்களின் சண்டையைப் பற்றி என்ன தெரியும் என்று விமர்சகர்கள் தள்ளிவிடுவார்கள் என்று பதிப்பகம் பயந்தது. அதனால்தான் முதலெழுத்துகள் மட்டும். அவர் வயதுப் பெண்களுக்கென்று அன்று கிடைத்த கதைகள் பெரும்பாலும் பள்ளி நடன விருந்துக்கு யாரோடு போவது என்பதைப் பற்றியவை. அவர் கண்முன் நடந்ததோ வேறு. வீட்டுக்கு நடந்து போன நண்பன் ஒருவனை வழியில் அடித்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எழுதினார்.

கதையில் இரண்டு கோஷ்டிகள். ஊரின் ஏழைப் பகுதிப் பையன்கள் கிரீசர்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சோஷ்கள். கண்ணாடி பொறுக்கிய பையன் போனிபாய் ஒரு கிரீசர். அப்பா, அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். இரண்டு அண்ணன்கள். மூத்தவன் டாரிக்கு 20 வயது. நன்றாகப் படித்தவன், கால்பந்து ஆடியவன், கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன். இப்போது கூரை வேயும் வேலைக்குப் போகிறான். அவன் சம்பாதித்து, குடும்பத்தைக் கட்டி நிறுத்தவில்லை என்றால் தம்பிகளை அரசாங்கம் விடுதிக்குக் கொண்டுபோய்விடும். அதனால் அவன் எந்நேரமும் கடுகடுவென்று இருக்கிறான். எங்கே போனாய், ஏன் படிக்கவில்லை, தலையில் மூளை இருக்கிறதா என்று ஓயாமல் கேட்கிறான். தம்பி என்ன முடிவுக்கு வருவான்? அண்ணனுக்கு என்னைப் பிடிக்காது என்ற முடிவுக்குத்தான். ஒருநாள் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தவனை டாரி அறைந்துவிடுகிறான். தம்பி வெளியே ஓடுகிறான். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஓட்டத்தில் தொடங்குகிறது.

போனிபாயும் நண்பன் ஜானியும் பூங்காவில் சோஷ்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். போனிபாயை நீரூற்றில் அமுக்கிக் கொல்லப் பார்க்கிறார்கள். பயந்துபோன ஜானியின் கத்தி ஒருவனைக் கொன்றுவிடுகிறது. இருவரும் ஊரைவிட்டு ஓடி, கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் ஒளிகிறார்கள். பிறகு அந்தக் கட்டடம் தீப்பற்றும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகளைக் காப்பாற்ற இருவரும் நெருப்புக்குள் போகிறார்கள். ஜானியின் முதுகெலும்பு முறிகிறது.

போனிபாயை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே டாரி வருகிறான். கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நிற்கிறான், பேசவில்லை. தம்பி பார்க்கிறான். அண்ணன் அழுதுகொண்டிருக்கிறான். அப்பா, அம்மா இறந்தபோதுகூட அழாத அண்ணன்! அவர்களைப் போல இவனும் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறான். அத்தனை நாள் கேட்ட திட்டெல்லாம் பயம் என்பது தம்பிக்கு அந்த ஒரு நிமிடத்தில் விளங்குகிறது. ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொள்கிறான்.

முதல்முறை படித்தபோது இந்தப் பக்கத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. எங்கள் அப்பா இறந்தபோது என் அண்ணனுக்கு 19 வயது. படிப்பை விட்டுவிட்டு லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போனார். என் மார்க் ஷீட்டைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. ஆனால் காலையில் நான் எழுந்திருக்கும்போது பஸ்ஸுக்கான சில்லறை அலமாரியில் எண்ணி வைத்திருக்கும். அதைக் கொடுத்தது யார் என்று நான் யோசித்ததே கிடையாது. அது அங்கே இருக்கும், எடுத்துக்கொண்டு போவேன். டாரியைப் படித்த இரவில்தான் அண்ணனுக்கு போன் செய்தேன். என்னடா இந்த நேரத்தில் என்று கேட்டார். சும்மாதான் அண்ணா என்றேன்.

சரி, ஜானிக்கு வருவோம். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அவன்தான் நடுத்தூண். வீட்டில் அப்பா அடிப்பார், அம்மா திட்டுவார். சோஷ்களிடம் ஒருமுறை கொடூரமாக அடிபட்டபின் நிழலைக் கண்டாலும் நடுங்குகிறவன். அப்படிப்பட்டவன் எப்படி நெருப்புக்குள் நுழைகிறான்? தேவாலயத்தில் ஒளிந்திருந்த அந்தச் சில நாட்களைக் கவனியுங்கள். இரண்டு பையன்கள் ரொட்டியைத் தின்றுகொண்டு, ஒரு தடிமனான நாவலைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒரு விடியற்காலையில் சூரியன் உதிப்பதைப் பார்த்தபடி போனிபாய் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதை ஒன்றைச் சொல்கிறான். நீ சொல்லும்வரை நான் இதையெல்லாம் கவனித்ததே இல்லை என்கிறான் ஜானி. அவன் மனதையும் ஒரு பொருட்டாக மதித்து ஒருவன் பேசுகிறான். அந்த மதிப்பு உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஜானியால் நெருப்புக்குள் போக முடிகிறது. எரிந்து விழும் கட்டைகளுக்கு நடுவில் அவன் முகத்தில் பயமே இல்லை என்று எழுதுகிறார் ஹின்டன். சாதாரணப் பிள்ளைகளின் கதைகளில் துணிச்சல் தனியாக வருவதில்லை. முன்னால் அன்பு வந்திருக்கும், பெரும்பாலும் பெயர் சொல்லாமல் வந்திருக்கும். நான் சொல்ல வந்தது இதுதான்.

காதல் கதையிலும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். ரெயின்போ ரோவெல் எழுதி 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘எலினார் அண்ட் பார்க்’ நாவலைப் பாருங்கள். 1986, ஒமாஹா நகரம், ஒரு பள்ளிப் பேருந்து. சிவப்பு முடி, பருத்த உடம்பு, பொருந்தாத ஆண் உடைகள் என்று எலினார் ஏறுகிறாள். யாரும் இடம் தரவில்லை. பார்க் என்ற பையன் எரிச்சலோடுதான் நகர்ந்து உட்காருகிறான். பேச்சே கிடையாது. சில நாளில் ஒன்றைக் கவனிக்கிறான்: அவன் படிக்கும் காமிக்ஸை அவளும் ஓரக்கண்ணால் படிக்கிறாள். அவள் முடிக்கட்டும் என்று பக்கத்தை மெதுவாகத் திருப்புகிறான். இன்னொரு நாள் அவள் இருக்கையில் காமிக்ஸ் அடுக்கு ஒன்று காத்திருக்கிறது. அப்போதும் பேச்சில்லை! அப்புறம் பாட்டு கேசட்டுகள். கேட்பதற்கு அவளிடம் பேட்டரி இல்லை என்று தெரிந்ததும், பிறந்தநாளுக்கு பேட்டரிகள் மட்டும் போதும் என்று பாட்டியிடம் போனில் சொல்கிறான்.

எலினார் வீட்டுக் குளியலறைக்குக் கதவு கிடையாது. மாற்றாந்தந்தை இருக்கும் வீடு. அவள் அங்கிருந்து கிளம்ப வேண்டிய இரவு வரும்போது, கிளம்புகிற தெம்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்கின் கொரியத் தாயையும் அவனுடைய பாதிக் கொரிய அடையாளத்தையும் எழுதிய விதத்தைக் கொரிய வம்சாவளி வாசகர்கள் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள். அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேருந்து இருக்கையை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

கடைசியாக, மறுபடியும் டல்சாவுக்கே போகிறேன். ‘தி அவுட்சைடர்ஸ்’ எழுதிக்கொண்டிருந்த ஆண்டில் ஹின்டனுக்குப் படைப்பெழுத்துப் பாடத்தில் ‘டி’ என்ற மட்டமான மதிப்பெண்தான் கிடைத்தது. நாவலிலும் ஒரு ஆங்கில ஆசிரியர் வருகிறார், ஆனால் இவர் வேறு மாதிரி. ஜானி இறந்துவிட்டான், இன்னொரு நண்பனும் இறந்துவிட்டான். போனிபாய் படிப்பில் தோற்கும் நிலையில் இருக்கிறான். ஒரு நல்ல கட்டுரை எழுதிக் கொடு, தேர்ச்சி போடுகிறேன் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஜானி விட்டுப்போன கடிதத்தை இவன் படிக்கிறான். பிறகு ஆசிரியருக்கு போன் செய்கிறான். கட்டுரை ஐந்து பக்கத்தைத் தாண்டலாமா என்று கேட்கிறான். எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் எழுது என்கிறார் அவர். பையன் பேனாவை எடுத்து முதல் வாக்கியத்தை எழுதுகிறான். அந்த வாக்கியத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். நாவலின் முதல் பக்கத்து முதல் வாக்கியம் அது.