250 டாலர் ஷாட்கன் அமெரிக்க வீட்டுக் காவலுக்குப் போதுமா? மாவெரிக் 88-ஆ, மாஸ்பெர்க் 500-ஆ?

"ஷாட்கன்ல குறியே பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பினாலே போதும்." இப்படிச் சொல்றத நீங்களும் கேட்டிருப்பீங்க. தயவுசெஞ்சு நம்பாதீங்க!

[திரையில்: அட்டை இலக்கு, 5 கஜ தூரம், பக்கத்துல ஒரு டீ சாஸர்]

12 கேஜ்ல (பேரல் அளவு, பின்னாடி சொல்றேன்) சாதாரண 00 பக்‌ஷாட் ஷெல் (தோட்டா) ஒண்ணுல 9 ஈயக் குண்டு இருக்கும். ஒரு கஜத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் விரியும்ங்கறது பொதுக் கணக்கு. பெட்ரூம் கதவுலேர்ந்து ஹால் சோஃபா வரைக்கும் 5 கஜம்னு வச்சுக்குங்க. 9 குண்டும் இந்த சாஸருக்குள்ளயே அடங்கிடும். குறி கொஞ்சம் தள்ளிப் போனா முழுசாத் தப்பிடும். தப்பின குண்டு எங்க போகும்? அமெரிக்க வீட்டோட உள்சுவர் நம்ம ஊர் செங்கல் சுவர் இல்ல. மரச்சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். அத மட்டும் இல்ல, அடுத்தடுத்த சுவரையும் பக்‌ஷாட் துளைச்சிட்டுப் போகும். அந்தப் பக்கம் குழந்தைங்க ரூம் இருக்கலாம். அதனால இன்னைக்கு நாம பார்க்கப் போறது "எது மலிவு"ங்கறது மட்டும் இல்ல. எத வாங்கினா குறி பார்த்துச் சுட வருமோ, பழகறதுக்குக் கையில காசும் மிஞ்சுமோ, அதத்தான் பார்க்கப் போறோம்.

வாங்கறதுக்கு முன்னாடி சட்டத்தச் சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்கக் குடிமகனும் கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களும் வாங்கலாம். எச்-1பி மாதிரி விசாவுல இருந்தா கூட்டரசு சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகற ஹன்ட்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. கடையில நிரப்பற 4473 படிவத்துல இந்தக் கேள்வி நேராவே வரும், அதுல பொய் எழுதினா குற்றம். மாநிலச் சட்டமும் ஒண்ணுபோல இருக்காது. நியூ ஜெர்சியில முதல்ல அடையாள அட்டை வாங்கணும், கலிஃபோர்னியாவுல 10 நாள் காத்திருக்கணும். உங்க மாநில விதியப் படிச்சிட்டுக் கடைக்குப் போங்க.

அடுத்தது கேஜ். ஒரு பவுண்டு ஈயத்த 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டையோட விட்டம்தான் 12 கேஜ் பேரலோட (குழலோட) உள்விட்டம். 20 கேஜ்னா 20 உருண்டை. அதனாலதான் எண் கூடக் கூட பேரல் சின்னதாகுது. உதைப்பு ரொம்பக் கஷ்டமா இருக்கறவங்களுக்கு 20 கேஜ் நல்ல தேர்வு. ஆனா ஒரு ஆபத்து இருக்கு.

[திரையில்: மஞ்சள் ஷெல், சிவப்பு ஷெல், பக்கத்துப் பக்கத்துல]

20 கேஜ் ஷெல் ஏன் மஞ்சளா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அழகுக்கு இல்லீங்க. 12 கேஜ் துப்பாக்கியில தெரியாம ஒரு 20 கேஜ் ஷெல்லப் போட்டா அது சேம்பர்ல, அதாவது ஷெல் உக்கார்ற பின்பக்க அறையில, நிக்காது. வழுக்கிட்டு முன்னாடி போய் பேரலுக்குள்ள உக்காந்துக்கும். மறுபடி ஏத்தறோம், 12 கேஜ் ஷெல் அதுக்குப் பின்னாடி சரியா மூடிக்கும். ட்ரிகர அழுத்தினா பேரல் வெடிச்சுத் திறந்துடும். முன்கை பிடிச்சிருக்கறது கிட்டத்தட்ட அதே இடத்துல. இதத் தடுக்கத்தான் மஞ்சள். ஒரே வீட்டுல ரெண்டு கேஜ் வேண்டாம்!

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பம்ப் ஆக்‌ஷன்ல மாஸ்பெர்க் 500 பல வருஷமா ஓடிட்டிருக்கற துப்பாக்கி. பம்ப்னா ஃபோர்எண்ட, அதாவது பேரலுக்கு அடியில முன்கை பிடிக்கற பிடிய, இழுத்துத் தள்ளி அடுத்த ஷெல்ல ஏத்தற வகை. விலை 400 டாலர ஒட்டி. அதே நிறுவனத்தோட தம்பி மாடல் மாவெரிக் 88, 250 டாலர ஒட்டி. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். அந்த 150 டாலர எங்க வெட்டினாங்க? இதத் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

முதல்ல வெட்டாத இடம். ரெண்டுக்கும் அலுமினிய ரிசீவர் (இயங்கற பாகங்களத் தாங்கற நடு உடல்). போல்ட் (சேம்பரப் பின்னாடி மூடற பாகம்) போய்ப் பூட்டறது பேரலோட இரும்புலதான், அதனால அழுத்தம் முழுக்க இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல நிக்குது. ரெண்டுலயும் ரெட்டை எக்ஸ்ட்ராக்டர் (காலி ஷெல்ல இழுக்கற கொக்கி), ரெட்டை ஆக்‌ஷன் பார் (ஃபோர்எண்டையும் போல்டையும் இணைக்கற தண்டு). ஷெல்லத் தூக்கற எலிவேட்டர் ரெண்டுலயும் மேலயே தூக்கி நிக்கும், அடியில வழி திறந்தே கெடக்கும். கட்டை விரலால ஷெல்லத் தள்ளும்போது விரல் நசுங்காது. போட்டித் துப்பாக்கியான ரெமிங்டன் 870-ல ஒவ்வொரு ஷெல்லுக்கும் அந்தத் தகட்ட விரலால அழுத்திக்கிட்டேதான் ஏத்தணும். 1950-லேர்ந்து வந்து, 2009-க்குள்ள ஒரு கோடி எண்ணிக்கையத் தொட்ட துப்பாக்கி 870. ஆனா இந்த ஒரு விஷயத்துல என் ஓட்டு மாஸ்பெர்குக்குத்தான்.

இப்ப வெட்டின இடம். ஒண்ணு, சேஃப்டி (தவறிச் சுடாம இருக்க ட்ரிகரப் பூட்டற பொத்தான்). 500-ல ரிசீவரோட பின்பக்கம், மேல, கட்டை விரல் விழற இடத்துல இருக்கு. இடது கைக்காரங்களுக்கும் வலது கைக்காரங்களுக்கும் ஒரே சௌகரியம். 88-ல ட்ரிகர் கார்டுல குறுக்கே தள்ளற பட்டன், வலது கைக்குன்னு அமைச்சது. நீங்க இடது கைன்னா யோசிக்காம 500 வாங்குங்க. ஆனா பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரி பிடி) வச்ச ஸ்டாக் (தோள்ல அணைக்கற பின்கட்டை) போட நினைச்சீங்கன்னா கதை தலைகீழ். பிடிய விடாம 500-ஓட மேல் சேஃப்டியக் கட்டை விரலால எட்ட முடியாது, 88-ஓட பட்டன் விரலுக்குப் பக்கத்துலயே இருக்கும். ரெண்டு, ஃபோர்எண்ட். 500-ல ஒரு வளையத்தக் கழட்டினா அது தனியா வந்துடும். 88-ல ஆக்‌ஷன் குழாயோட சேர்த்தே பிணைச்சிருக்காங்க. மாத்தணும்னா குழாயும் சேர்த்து வாங்கணும். லைட் வச்ச ஃபோர்எண்ட் ஆசை இருந்தா இந்தச் செலவக் கணக்குல சேர்த்துக்குங்க. ட்ரிகர் தொகுதியையும் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த முடியாது.

ஆனா பேரல் மாத்தலாம்! 500-ஓட பேரல் 88-ல உக்காரும், மேகசின் ட்யூப் (பேரலுக்கு அடியில ஷெல் அடுக்கற குழாய்) நீளம் ஒத்துப்போனா. 88-லயே 28 அங்குலமும் 18.5 அங்குலமும் சேர்ந்த காம்போ பெட்டி வருது. பறவை வேட்டைக்கு நீளம், வீட்டுக்குக் குட்டை. மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை: ட்யூபும் சேம்பரும் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க, ஃபோர்எண்ட பாதி பின்னாடி இழுங்க, ட்யூப் முனையில இருக்கற திருகக் கழட்டுங்க, பேரல லேசா முறுக்கி முன்னாடி இழுங்க. நீளமான பேரல வீட்டுல ரம்பத்தால அறுக்கற வேலை மட்டும் வேண்டாம். 18 அங்குலத்துக்குக் கீழ போனா பதிவு இல்லாம வச்சிருக்கறதே கூட்டரசு குற்றம்.

என் தீர்ப்பு: வலது கைக்காரர், கையில 400 டாலர் இருக்கா? 88 வாங்கிட்டு மிச்சத்துல பயிற்சி ஷெல் வாங்குங்க. மலிவு துருக்கி செமி-ஆட்டோ (தானா அடுத்த ஷெல்ல ஏத்தற வகை) பக்கம் போகாதீங்க. பல மாடல் லேசான ஷெல்ல ஒழுங்காத் தள்ளாது, இறக்குமதி நிறுவனம் மாறினா ஸ்பிரிங் கூடக் கிடைக்காது.

பெட்டியத் திறந்ததும் முதல்ல ஸ்டாக் நீளத்தப் பாருங்க. 88-ல ட்ரிகர்லேர்ந்து ஸ்டாக் முனை வரைக்கும் ஏறக்குறைய 14 கால் அங்குலம். அஞ்சரை அடி ஆளுக்கே இது நீளம். முன்கை முழுசா நீட்டியிருக்கும், முழங்கை மடங்காது, ஃபோர்எண்ட கடைசி வரைக்கும் இழுக்க வராது. அரைகுறையா இழுத்தா என்ன ஆகும்? காலி ஷெல் வெளிய விழாம மாட்டிக்கும், இல்லன்னா அடுத்த ஷெல் ட்யூப விட்டு வராது. அழுத்தினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பம்ப் துப்பாக்கியில வர்ற கோளாறுல நிறைய இதுதான், துப்பாக்கி மேல தப்பே இல்ல. 12 அங்குலத்துக்கு வர்ற குட்டை ஸ்டாக் 500-க்குச் செஞ்சதே 88-க்கும் பொருந்தும். போட்டுட்டு, டம்மி ஷெல் (மருந்தில்லாத பயிற்சி ஷெல்) ஆறு வச்சு, பின்னாடி இடிக்கற வரைக்கும் இழு, முன்னாடி இடிக்கற வரைக்கும் தள்ளுன்னு தினமும் பழகுங்க.

இன்னொண்ணு, வேட்டை மாடலா இருந்தா ட்யூபுக்குள்ள ஒரு குச்சி இருக்கும். இடம்பெயரும் பறவை வேட்டையில மொத்தம் 3 ஷெல்தான் அனுமதி, அதுக்கான அடைப்பு அது. "இது 5 கொள்ளணும், 2 தான் போகுது"ன்னு குழம்பறவங்க அந்தக் குச்சிய எடுத்துடுங்க.

ஷெல்? 'ரெட்யூஸ்டு ரீகாயில்' 00 பக். சாதாரணம் வினாடிக்கு 1,325 அடி வேகம்னா இது 1,145 அடி அளவுல. உதைப்பு கணிசமாக் குறையும், அடுத்த சுடுதலுக்குக் குறி சீக்கிரம் திரும்பி வரும். பேர்ட்‌ஷாட் (பறவை வேட்டைக்கான பொடிக் குண்டு ஷெல்) பயிற்சிக்கு மட்டும். எந்த பிராண்ட் வாங்கினாலும் உங்க துப்பாக்கியில, உங்க வீட்டோட அதிகபட்ச தூரத்துல ஒரு அட்டையில சுட்டு விரிவ அளந்துடுங்க.

கடைசியா, வைக்கற முறை. சேம்பர்ல ஷெல் வச்சுத் தூங்காதீங்க. சேஃப்டி ட்ரிகர மட்டும்தான் பூட்டும், கீழ விழுந்தா தானா வெடிக்காதுன்னு நம்ப முடியாது. வரிசை இதுதான்: முழுசாக் காலி பண்ணுங்க, போல்ட மூடுங்க, பாதுகாப்பான திசையில காலி ட்ரிகர அழுத்துங்க, அப்புறம்தான் ட்யூப நிரப்புங்க. இப்ப ஃபோர்எண்ட இழுத்தா நேரா வேலை செய்யும். ட்ரிகர அழுத்தாம வச்சிருந்தா அது பூட்டியே இருக்கும், இருட்டுல ரிலீஸ் பட்டனத் தேடணும். குழந்தைங்க இருக்கற வீட்டுல சட்டுனு திறக்கற பூட்டு வச்ச இரும்புப் பெட்டி கட்டாயம். 88 வாங்கி மிஞ்சின காசுல முதல் செலவு அதுக்குத்தான்.

இடது கைக்காரங்க 88-ஓட சேஃப்டிய எப்படிச் சமாளிக்கறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஸ்டாக் மாத்தறத அடுத்த வீடியோல திருகு திருகாக் காட்டறேன்.