கடை உங்களுக்கு எவ்வளவு சம்பளம் தருகிறது?

[திரையில்: மூடி திறந்த பழைய மைலோ டின். உள்ளே கசங்கிய ரசீதுகள்.]

வணக்கம். இந்த டின் என் மாமனாருடையது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பல வருடம் மளிகைக் கடை நடத்தியவர். சரக்கு வாங்கிய ரசீது, மின்கட்டணச் சீட்டு, லாரிக்காரருக்குக் கொடுத்த பணத்துக்குக் கிழித்த துண்டுத் தாள் எல்லாம் இதற்குள்தான் போகும். மார்ச் கடைசியில் டின்னை ஒரு பிளாஸ்டிக் பையில் கவிழ்த்துக் கணக்கரிடம் கொடுத்துவிடுவார். ஏப்ரல் 18க்குள் வருமான வரிப் படிவம் போயாக வேண்டும். போய்விடும். அப்புறம் அடுத்த மார்ச் வரை கணக்கு என்ற பேச்சே கிடையாது.

ஆனால் வருடம் முழுக்க ஒரே புலம்பல்: "வியாபாரம் நல்லாத்தான் போகுது மாப்பிள்ளை, பணம்தான் கையில நிக்க மாட்டேங்குது."

அந்தப் பணம் எங்கே போனது என்பது டின்னுக்குள் இருந்தது. ஆனால் அதை அவர் தனக்காக ஒருமுறைகூடப் படித்ததில்லை. கணக்கு என்றால் வரி அதிகாரிக்கு எழுதுவது என்று நினைத்துவிட்டார்.

[திரையில்: மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கிட்டங்கி. தரையில் மரப்பெட்டிகள், பேரேடுகள்.]

நம்மவர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கூடங்களில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர்கள் எழுதிய கணக்கை நினைத்துப் பாருங்கள். பற்று, வரவு, பேரேடு (லெட்ஜர்), ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) என்று சொற்களே நம்மிடம் இருந்தன. கடல் தாண்டிக் கொண்டுவிற்க வந்த முகவர், செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அந்த முதலாளி கடையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஏட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குக் கடை. இன்றைக்கு முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அங்கேதான் சறுக்கல்.

சரி, ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், உதவிக்கு ஓர் ஆள். மாத விற்பனை 60,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். விற்ற சரக்கின் கொள்முதல் 45,000. மிச்சம் 15,000. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன.]

வாடகை 8,000. உதவியாளர் சம்பளம் 2,200. அவர் சிங்கப்பூரர், 55 வயதைத் தாண்டாதவர் என்றால் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி கட்டுவது 17 விழுக்காடு, அதாவது 374. மின்சாரம், வங்கி அட்டைக் கட்டணம், பை, கயிறு எல்லாம் சேர்த்து 900 என்று வையுங்கள். ஆக 11,474 போய்விட்டது. கையில் 3,526 வெள்ளி. இதைத்தான் கடைக்காரர் லாபம் என்று சொல்வார்.

காலை எட்டு மணியிலிருந்து இரவு பத்து வரை கல்லாவில் நிற்கிறாரே அந்த அம்மா, அவருக்குச் சம்பளம்? அவர் இடத்தில் இன்னோர் ஆளைப் போட்டால் சம்பளமும் சேமநிதியுமாக 2,574. கழித்துப் பாருங்கள், 952 வெள்ளி மிச்சம். ஒரு மாத உழைப்புக்குக் கடை அதன் முதலாளிக்குக் கொடுக்கும் கூலி அவ்வளவுதான்.

இந்த 952 வரிப் படிவத்தில் வராது. தனியுரிமைக் கடைக்காரர், அதாவது கம்பெனியாக இல்லாமல் தனி ஆளாகக் கடை நடத்துபவர், ஆண்டு வருவாய் 200,000 வெள்ளியை எட்டினால் நான்கு வரி அறிக்கை கொடுக்க வேண்டும்: வருவாய், மொத்த லாபம், அனுமதிக்கப்பட்ட செலவு, வரிக்காகச் சரிசெய்த லாபம். (இந்த வரி, கோடு போட்ட தாளில் எழுதும் வரி. கட்டுகிற வரி அதற்கப்புறம்.) அந்த அம்மாவுக்குக் கொடுக்காத சம்பளத்தையோ, முதலாளி தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சம்பளத்தையோ செலவாகக் காட்ட முடியாது. வரிச் சட்டத்துக்கு அது நியாயம்தான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண்ணே அந்தத் தாளில் இல்லை. கணக்கர் கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் எழுதுவது வேறு கேள்விக்கான பதில்.

கல்லாவும் சட்டைப்பையும் ஒன்றாகிவிட்டால் இன்னும் குழப்பம். பிள்ளையின் டியூஷன் கட்டணம் கல்லாவிலிருந்து போகும். சரக்குக்காரர் வந்தால் வீட்டுச் சேமிப்பிலிருந்து போகும். சிலர் சொந்தக் கார் பெட்ரோலையும் கடைச் செலவில் எழுதுவார்கள். எஸ் எழுத்தில் தொடங்கும் எண்பலகை கொண்ட சொந்தக் கார் கடை வேலைக்கே ஓடினாலும் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. கடைப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் பணம் வாங்க ஒரு பேநவ் கியூஆர், வீட்டுக்குத் தனிக் கணக்கு என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம்.

[திரையில்: கேம்பல் லேன், பொங்கல் நேரம். கரும்புக்கட்டுகள், மண்பானைகள்.]

அடுத்து சரக்கு. பொங்கலுக்கு நூறு கட்டுக் கரும்பு இறக்கி இருபது நின்றுபோனால், இரண்டு நாளில் அது குப்பை. நஷ்டம் கண்ணெதிரே தெரிவதால் அடுத்த வருடம் எண்பதுதான் சொல்வோம். கரும்பு நல்ல ஆசிரியர்! புடவை அப்படியில்லை. தீபாவளிக்கு எடுத்து விற்காத புடவை அலமாரியில் மடிப்புக் கலையாமல் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் மனசில் அது இன்னும் வாங்கிய விலைக்கே நிற்கும். கணக்கியல் விதி வேறு மாதிரி: வாங்கிய விலை, இப்போது விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் சரக்கின் மதிப்பு. 80 வெள்ளிப் புடவை இன்று 30க்குத்தான் போகும் என்றால், அது 30 வெள்ளிச் சரக்கு. மீதி 50 என்றைக்கோ போய்விட்டது. "பணம் கையில் நிற்கவில்லை" என்ற புலம்பலில் பெரும்பகுதி அந்த அலமாரியில் தொங்குகிறது என்பது என் கணிப்பு.

கடன் கொடுத்த பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் அந்த வலி தெரியும். உணவகத்துக்கு அரிசி போட்டுவிட்டுப் பணத்துக்கு மூன்று மாதம் நடப்பது. ஒன்று மட்டும்: சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அங்கே "நோட்டில் எழுதியிருக்கேன் ஐயா" என்றால் எந்த அளவுக்கு எடுபடும்? கையெழுத்துப் போட்ட விநியோகச் சீட்டு கையில் இருந்தால் பேச்சே வேறு.

[திரையில்: பொருள் சேவை வரி, 1994ல் 3 விழுக்காடு. 2024ல் 9.]

இப்போது பொருள் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நம் கற்பனைக் கடை நன்றாக ஓடி மாதம் 90,000க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். பதிந்தபிறகும் விலையை ஏற்றவில்லை. அப்படியானால் அந்த 90,000க்குள்ளேயே வரி இருக்கிறது. 109ல் 9 பங்கு, சுமார் 7,431 வெள்ளி. அது உங்கள் பணம் இல்லை. காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் வரித்துறையான ஐராஸுக்குப் போக வேண்டியது. அதுவரை கல்லாவில் தூங்கும், நாமும் நம்முடையது என்றே நினைத்துத் தீபாவளிச் சரக்கு எடுத்துவிடுவோம்.

சரக்கு வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கொள்முதல் 67,500, எல்லாம் வரி சேர்த்த விலை என்றால் சுமார் 5,573 திரும்பும். நிகரமாகக் கட்டுவது 1,858. ஆனால் அந்த 5,573ஐக் கேட்க முறையான வரி ரசீது வேண்டும்.

இப்போது மைலோ டின்னுக்கு வருவோம்.

[திரையில்: ஒரு ரசீது. எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது.]

ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீதோ சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பல நேரம் ஒரு வருடம்கூடத் தாங்காது. மாமனார் டின்னில் பாதி இப்படித்தான். வெள்ளைத் தாளைக் காட்டி யாரிடம் வரிக் கழிவு கேட்பது? வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள், தெளிவான படம் செல்லும். இன்னொன்று, பதிவு செய்யத் தாமதித்தால், வாடிக்கையாளரிடம் வாங்காத வரியையும் பதிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டு நீங்களே கட்ட வேண்டிவரும். மாத விற்பனையைக் கூட்டிப் பார்க்காதவருக்குப் பத்து லட்சம் எப்போது தாண்டியது என்றே தெரியாது.

ஊரிலும் இதே கதைதான், வேறு வேடத்தில். மன்னார்குடியில் என் சித்தப்பா மகன் கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. வருமான வரியிலும் ஒரு சலுகை: 2 கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி, விற்பனையில் 8 விழுக்காடு லாபம் என்று ஒப்புக்கொண்டு வரி கட்டிவிடலாம். வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்த பணத்துக்கு 6. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. கணக்கர் வைக்க வசதியில்லாத லட்சக்கணக்கான கடைகளுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம்பியிடம் "உண்மையில் எத்தனை விழுக்காடு லாபம்?" என்று கேட்டேன். "எட்டுதாண்ணே" என்றார். அது அரசாங்கம் வைத்த எண். அவர் கடையின் எண் ஐந்தாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

இங்கே சட்டம் கேட்கிறது, சட்டத்துக்காக எழுதுகிறோம். அங்கே சட்டம் கேட்கவில்லை, அதனால் எழுதுவதில்லை. இரண்டு கடைக்காரருக்கும் தெரியாமல் போவது ஒரே விஷயம்.

[திரையில்: சாதாரணப் பள்ளி நோட்டு. ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம்.]

மாமனார் ஓய்வெடுத்தபிறகு கடையை மச்சான் பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு பக்கம். விற்பனை, சரக்கு, செலவு, யார் எவ்வளவு தர வேண்டும். கடைசியில் இரண்டு வரி அவரே சேர்த்தது: தன் சம்பளம், கடையில் கூட நிற்கும் அக்காவின் சம்பளம். முதல் நான்கு மாதம் பக்கத்தின் அடியில் நஷ்டம்தான் வந்தது. மனுஷர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் புடவை அலமாரியைக் காலி செய்து பாதி விலைக்குத் தள்ளினார், அந்த இடத்தில் இட்லி மாவு வைக்கக் குளிர்பெட்டி வந்தது.

போன மாதம் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தார். முன்பெல்லாம் மாமனார் ஊருக்குப் போனால் ஒரு நாளைக்குப் பத்து முறை கடையிலிருந்து போன் போகும். இந்த முறை ஒரே ஒரு போன், நல்லெண்ணெய் எத்தனை பெட்டி சொல்வது என்று.

"நோட்டுல போன வருஷம் இதே மாசத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாராம்.